மூன்று வரிக்குப் பின் வந்த ஒரு வரி

கடவுச்சொற்கள், அச்சகத்துக்குப் பக்கங்கள் போக வேண்டிய நாள், எழுத்துரு சிதைந்தால் செய்ய வேண்டியவை, தபால் வரும் நேரம் எல்லாவற்றையும் வரிசை எண் போட்டுத் தனித் தாளில் எழுதி மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். மொத்தம் இருபத்தாறு குறிப்புகள். அந்தத் தாள் இருந்தால் நான் வேலையை விட்டுப் போன பிறகு நீங்கள் இருவரும் ‘குறும்பு ஹைக்கூ’ பக்கத்தை என்னைவிடச் சுத்தமாக நடத்திவிடலாம். இது இருபத்தேழாவது குறிப்பாகத் தொடங்கியது. தாளில் அடங்கவில்லை.

இந்த மாதாந்திரப் பத்திரிகைக்கு நான் வந்தது எழுதத் தெரிந்ததால் இல்லை. பொறியியல் கல்லூரியில் கணினி படித்து முடித்து, நேர்முகத் தேர்வுகளுக்குப் போய் வந்துகொண்டிருந்தேன். குழித்துறையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பக்கம் வடிவமைக்க ஆள் தேடுகிறார்கள் என்று தோழி சொன்னாள். மூன்று மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். ஐந்து வருடம் ஓடிவிட்டது. இந்த ஐந்து வருடத்தில் எத்தனையோ பிழைகள் செய்திருக்கிறேன். இறந்தவர் படத்துக்குக் கீழே மணநாள் வாழ்த்துகூடப் போட்டிருக்கிறேன். அதற்கெல்லாம் திட்டு வாங்கி, திருத்தம் போட்டு, மறந்தும்விட்டேன். மறக்க முடியாமல் இருப்பது ஒன்றுதான். புதுக்கடைப் பக்கம் ஒரு பெண் மூன்று வரி எழுதி அனுப்பினாள். அந்த மூன்று வரியையும் அவளையும் சேர்த்துக் காப்பாற்ற எனக்குத் தெரியவில்லை.

பக்கம் தொடங்கியது ஆசிரியரின் யோசனையால். “கடிதம் எழுதுங்கன்னா நாலு பேருதான் எழுதுவாவ. மூணு வரி எழுதுங்கன்னு சொல்லிப் பாரு, பஸ்ஸுல நின்னுக்கிட்டே எழுதுவாவ,” என்றார். அழைப்பை எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. இப்படி எழுதினேன்:

“ஹைக்கூ என்றதும் பயப்படாதீர்கள். நிலாவும் பனித்துளியும் தேவையில்லை. உங்கள் வீட்டுப் பூனை போதும். மூன்றே வரிகள். மூன்றாவது வரியில் சிரிப்பு வர வேண்டும். கைபேசியில் தட்டி அனுப்புங்கள்.”

அதற்குக் கீழே விதிகள்.

1. மூன்று வரிக்கு மேல் போகக் கூடாது.
2. சாமி, சாதி, கட்சி வேண்டாம்.
3. உங்கள் வீட்டிலும் தெருவிலும் உண்மையில் நடந்ததாக இருந்தால் நல்லது.
4. பெயரும் ஊரும் கட்டாயம்.

எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒவ்வொரு விதிக்கும் காரணம் இருந்தது. மூன்றாவது இல்லாவிட்டால் எல்லோரும் எங்கோ படித்ததைத் திருப்பி அனுப்புவார்கள். நான்காவது இல்லாவிட்டால் ஒருவருடையதை இன்னொருவர் அனுப்புவார். தனித்தனியே பார்த்தால் இரண்டிலும் குற்றம் சொல்ல முடியாது. வீட்டில் நடந்ததை எழுது என்று ஒரு வரியில் கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே வீடு எது என்பதையும் எழுது என்று கேட்கிறேன் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. விதிகளை ஒன்றொன்றாகச் சோதிப்பது மட்டும் போதாது. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு விதிகள் சேர்ந்து என்ன செய்யும் என்றும் பாருங்கள்.

ஆசிரியர் சொன்னதுதான் நடந்தது. முதல் மாதமே வந்து குவிந்தன. பேருந்து நடத்துனர், பள்ளி ஆசிரியை, ரப்பர்த் தோட்டக் கணக்கர், கப்பலில் வேலை பார்க்கும் ஒருவர் என்று யாரெல்லாமோ அனுப்பினார்கள். இரண்டு எனக்கு மனப்பாடம்:

குழித்துறைப் பாலம்.
கீழே ஓடுகிறது ஆறு,
மேலே நிற்கிறது பஸ்.

இன்னொன்று:

ரேஷன் கடை வரிசை.
எனக்கு முன்னால் நிற்கிறது
யாருடைய செருப்பு?

வந்தவை எல்லாம் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். அன்று பெரும்பாலோரிடம் இருந்தது பொத்தான் கைபேசிதான். நான் ஒரு சிறிய நிரல் எழுதினேன். கைபேசியைக் கணினியில் மாட்டினால் போதும், அது செய்திகளை எடுத்து, தமிழ் எழுத்துக்கு மாற்றி, பெயர், ஊர், தொலைபேசி எண்ணோடு பட்டியலில் அடுக்கிவிடும். மூன்று வரி இருந்தால் ‘ஹைக்கூ’ என்ற பெட்டிக்குப் போகும். இல்லாவிட்டால் ‘மற்றவை’க்குப் போகும். மற்றவையில் பண்டிகை வாழ்த்தும் விளம்பரமும் “பத்திரிகை எப்ப வரும்” என்ற கேள்விகளும்தான் இருந்தன. அதை மாதக் கடைசியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு அழித்துவிடுவேன். இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்குப் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஷைலா முதலில் எனக்குத் தெரியவந்தது அந்தப் பெருமையில் ஓட்டை விழுந்தபோதுதான். அவள் அனுப்பிய முதல் ஹைக்கூ:

விருந்தாளிக்கு வெள்ளம்.
பூனைக்கு மீன்தலை.
எனக்குக் கழுவப் பாத்திரம்.

நம் பக்கத்தில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர். என் நிரலுக்கு அது தெரியாது. ‘வெல்லம்’ என்று மாற்றியது. நானும் பார்க்காமல் அச்சுக்கு அனுப்பினேன். இதழ் வந்த அன்று தொலைபேசி வந்தது.

“மேடம், நான் புதுக்கடையில இருந்து ஷைலா பேசுதேன். எங்க வீட்டுக்கு வாறவியளுக்கு நாங்க கருப்பட்டியோ வெல்லமோ நக்கக் குடுக்கது இல்ல. குடிக்க வெள்ளம்தான் குடுப்போம்.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். “இல்ல மேடம், எங்க மாமி வாசிச்சிட்டு, ‘ஏட்டி, நம்ம வீட்டுல அம்புட்டு வசதியா’ன்னு கேக்காவ. அதான் கூப்பிட்டேன்.”

மாமி என்பது மாமியார். வீட்டில் அவர்கள் இருவரும்தான். கணவர் வளைகுடாவில் ஏசி பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார். திருமணமான நாற்பதாவது நாள் போனவர், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். இதையெல்லாம் அவள் ஒரே நாளில் சொல்லவில்லை. மாதத்துக்கு ஒரு ஹைக்கூ அனுப்புவாள். ‘சரியா வந்திருக்கா மேடம்’ என்று ஒருமுறை கூப்பிடுவாள். அந்தச் சிறு பேச்சுகளிலிருந்து சேர்ந்தவை. வெல்லத்துக்குப் பிறகு அவளுடையதை மட்டும் நான் இரண்டுமுறை வாசித்தேன். பிழைக்குப் பயந்து வாசிக்கத் தொடங்கி, பிறகு வாசிப்பதற்காகவே வாசித்தேன். அவளிடம் தேவையில்லாத சொல் இருக்காது. எங்களுக்கு எழுதியவர்களில் அவள் ஒருத்திதான் மூன்றாவது வரியை எழுதிவிட்டு அதற்கு முன்னால் இரண்டு வரி தேடாதவள்.

மாமியாருக்கும் பெருமைதான். பக்கத்தை மடித்துக் கைப்பையில் வைத்து சர்ச்சுக்குக் கொண்டுபோய்க் காட்டுவாராம். “எனக்க மருமவ எழுதினது” என்பாராம்.

பத்தாவதோ பதினொன்றாவதோ மாதம். ஷைலாவின் எண்ணிலிருந்து இது வந்தது:

வெள்ளிக்கிழமை போன்.
மாமியார் என்னிடம் நீட்டினார்,
சார்ஜ் தீர்ந்த பிறகு.

படித்ததும் சத்தமாகச் சிரித்தேன். பக்கத்து மேசையில் பிழை திருத்திக்கொண்டிருந்தவர் என்னவென்று கேட்டார். காட்டினேன். அவரும் சிரித்தார். ஆசிரியர் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. “பெட்டி கட்டிப் போடு. பெரிய எழுத்துல,” என்றார். எங்கள் மூவருக்கும் அதை எழுதியவளைத் தெரியும், அவளுக்கு மாமியார் உண்டு என்பதும் தெரியும். ஆனாலும் பெயரைப் போடலாமா என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. நல்ல வரியைக் கண்டுவிட்டால் பத்திரிகைக்காரர்களின் கண் அந்த வரியோடு நின்றுவிடும். அது யார் வீட்டிலிருந்து வந்தது என்பது வரை போகாது.

இதழ் வெளியாகி நான்கைந்து நாள் கழித்து, பழக்கமில்லாத எண்ணிலிருந்து அழைப்பு. ஷைலாதான். பக்கத்து வீட்டுப் பெண்ணின் கைபேசி. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

“மேடம், நான் ரெண்டாவது ஒரு மெசேஜ் அனுப்பியிருந்தேனே. பாக்கலியா?”

இன்னும் அழிக்காமல் இருந்த மற்றவையைத் திறந்தேன். ஹைக்கூ வந்து சேர்ந்த இரண்டாவது நிமிடம், அதே எண்ணிலிருந்து ஒரு செய்தி. “இதுக்கு மட்டும் என் பேரு போடாண்டாம் மேடம். மாமி வாசிப்பாவ.”

ஒரே வரி. மூன்று வரி இல்லாததால் நான் எழுதிய நிரல் அதை ஒதுக்கி வைத்துவிட்டது. அது செய்ய வேண்டியதைத்தான் செய்தது.

“இப்ப என்ன ஆச்சு?” என்றேன்.

“மாமி நாலு நாளா பேச்சு இல்ல. சர்ச்சுல யாரோ கேட்டிருக்காவ, ‘போன நீங்கதான் வச்சிருப்பியளாமே’ன்னு. வெள்ளிக்கிழமை இவிய கூப்பிட்டப்ப மவன்ட்ட சொல்லி ஒரே அழுகை. இவிய என்ட்ட, ‘எனக்க அம்மையை நாட்டுல சிரிக்க வச்சிட்டு உனக்கு எதுக்கு போனு’ன்னு கேட்டுட்டு வச்சிட்டாவ. இனி கூப்பிட மாட்டாவளாம். வீட்டுல உள்ள ஒரே போன மாமி வாங்கி அலமாரில பூட்டிட்டாவ. நான் அனுப்பலன்னு சொல்லிட்டேன் மேடம். பயத்துல சொல்லிட்டேன். நீங்க ஒருக்கா வந்து, பேரு மாறிப் போச்சுன்னு சொல்லுவியளா?”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. என் தவறை நானே சரிசெய்துவிட்டு வந்து சொல்லலாம் என்று நினைத்தேன்.

மாமியாரை ஒரு மாதிரி கற்பனை செய்துகொண்டு போயிருந்தேன். மூட்டுவலிக்காக முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மெலிந்த அம்மா அவர். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் உட்கார்ந்தார்.

“நீதானா பத்திரிகை? வா பிள்ளே. இரி. நாந்தான் சார்ஜ் தீக்குற மாமியாரு. நல்லா பாத்துக்கோ.”

ஷைலா சமையலறை வாசலில் நின்றாள். அவளை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். என்னைப் பார்க்காமல் கதவின் தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரே மவன். எட்டு நாளைக்கு ஒருக்கா அவனுக்க சத்தம் கேக்கும். என்ன சாப்பிட்ட, காய்ச்சலு உண்டா, ரூமுல ஏசி உண்டான்னு கேக்கதுக்குள்ள நேரம் போயிரும். நான் வேணும்னு செய்யேனா? அந்த சவத்து போனுல சார்ஜ் நிக்காதுன்னா அதுக்கு நானா பொறுப்பு? நாடு முழுக்க அச்சடிச்சு வித்தாச்சு!” என்றார். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: “இவ அனுப்பினதா, இல்லியா? நீ சர்ச்சுக்குப் போற பிள்ளையோ கோயிலுக்குப் போற பிள்ளையோ, நேரா சொல்லு.”

நான் யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. “இவங்க இல்லம்மா. கம்ப்யூட்டர்ல பேரு மாறிப் போச்சு. வேற யாரோ அனுப்பினது.”

“பத்திரிகையில போடுவியா?”

“அடுத்த இதழ்ல போடுதோம்மா.”

அவர் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். இடுப்பில் இருந்த சாவியை எடுத்து ஷைலாவிடம் கொடுத்து, அலமாரியைத் திறக்கச் சொன்னார். கைபேசி வந்தது. அதைக் கொஞ்ச நேரம் சார்ஜில் போட்டு எடுத்து மகனுக்கு மிஸ்டு கால் கொடுத்தார். மறுமுனையிலிருந்து உடனே அழைப்பு வந்தது. “மக்களே, இவ இல்லியாம்லே. பத்திரிகைக்காரப் பிள்ளை வீட்டுக்கே வந்திருக்கு. பேரு மாறிப் போச்சாம். நாம பாவம் பிடிச்சவிய, அந்தப் பிள்ளைய என்னல்லாம் சொல்லிட்டோம். இந்தா, அவள்ட்ட பேசு,” என்று தானே நான்கு வார்த்தை பேசிவிட்டு, எட்டி ஷைலாவின் கையில் வைத்தார். அவள் அதை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. பொய்தான், ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்று நினைத்தேன். இன்று திரும்பிப் பார்க்கும்போதும் அந்தப் பொய்க்காக நான் வருந்தவில்லை. அதற்குப் பிறகு செய்தவற்றுக்காகத்தான்.

ஆசிரியரிடமும் கணினிப் பிழை என்றே சொல்லிவிட்டு, திருத்தம் எழுதினேன். “சென்ற இதழில் பெட்டிச் செய்தியாக வெளியான ஹைக்கூ, புதுக்கடை ஷைலா எழுதியதல்ல. கணினிப் பிழையால் பெயர் மாறிவிட்டது. வருந்துகிறோம்.” இதோடு முடிந்திருக்க வேண்டும். ஷைலா கேட்டதும் இவ்வளவுதான். ஆனால் என் பட்டியலில் எழுதியவர் பெயருக்கு ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருந்தால் நிரல் அடுத்த பக்கத்துக்குப் போகாது, சிவப்பில் நிற்கும். அப்படி வடிவமைத்தது நானே. சிவப்பில் ஒரு கட்டம் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பழக்கமில்லை. அதனால் இன்னொரு வரி சேர்த்தேன்: “இதை எழுதியவர் தொடர்புகொள்ள வேண்டுகிறோம்.”

யாரும் தொடர்புகொள்ளப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். எழுதியவள் யார் என்று எனக்குத் தெரியுமே. ஒரு பேச்சுக்குத்தான் அந்த வரி. எழுதும்போது கை அதுவாகவே போட்டுவிட்டது.

ஒருவர் தொடர்புகொண்டார்.

கொட்டாரத்தைச் சேர்ந்தவர். தொடக்கத்திலிருந்தே எங்களுக்கு எழுதிவந்தவர்தான். நல்ல மனிதர், நகைச்சுவையாகப் பேசுவார், மாதத்துக்குப் பத்து ஹைக்கூ அனுப்பி அதில் ஒன்று வருவதற்குக் காத்திருப்பவர். ஆசிரியரின் மேசைத் தொலைபேசிக்கு அழைத்தார். ஆசிரியர் ஒலிபெருக்கியில் போட்டார்.

“சார், அந்த சார்ஜ் ஹைக்கூ நான் அனுப்பினதாக்கும். பெண் குரல்ல எழுதிப் பாத்தேன். நீங்க அதை ஒரு பெண்ணுக்க பேருல போட்டதும், சரி, குரல் சரியாத்தான் வந்திருக்குன்னு நெனச்சு சும்மா இருந்துட்டேன்.”

சொன்ன விதம் அவ்வளவு இயல்பாக இருந்தது. இன்றுவரை எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அத்தனை ஹைக்கூ எழுதி அனுப்பியவர், எது தான் எழுதியது, எது படித்துச் சிரித்தது என்று உண்மையிலேயே குழம்பியிருப்பாரோ? நான் அவரைக் கேட்டதில்லை.

ஆசிரியர் குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: “ஏம்மா, இவருதானா? லிஸ்ட்ல பாரு.”

பட்டியல் எனக்கு முன்னால் திறந்தே இருந்தது. அந்த ஹைக்கூ எந்த எண்ணிலிருந்து வந்தது என்பது அதில் இருந்தது. இல்லை என்று சொன்னால், அப்படியானால் யார் என்று கேட்பார். சொன்னால், திருத்தம் ஏன் போட்டாய் என்று கேட்பார். ஆசிரியர் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார், நல்ல வரி எழுதியவளைப் பற்றி நான்கு பேரிடம் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. கொட்டாரத்துக்காரர் தொலைபேசியில் காத்துக்கொண்டிருந்தார். எங்கள் மின்விசிறிச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும்.

“இருக்கலாம் சார்,” என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று இவ்வளவும் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆம் என்று சொல்லியிருந்தால் பொய் சொன்னோம் என்றாவது தெரிந்திருக்கும். நான் பொய்கூடச் சொல்லவில்லை. சிவப்புக் கட்டத்தில் அவர் பெயரைத் தட்டினேன். கட்டம் வெள்ளையானது.

என்ன செய்திருக்கலாம் என்று பலமுறை பட்டியல் போட்டுப் பார்த்திருக்கிறேன்.

“நாளைக்குச் சொல்லுதேன் சார், சரிபார்க்கணும்” என்று ஒரு நாள் வாங்கியிருக்கலாம்.

ஆசிரியரைத் தனியே அழைத்து உண்மையைச் சொல்லி, வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கலாம். அவர் வாய் அப்படிப்பட்டது என்று நான் நினைத்துக்கொண்டேனே தவிர, அவரிடம் ஒருமுறைகூட ரகசியம் காக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்ததில்லை.

ஷைலாவிடம் போய்க் கேட்டிருக்கலாம். உங்களுடையதை ஒருவர் தன்னுடையது என்கிறார், கொடுக்கட்டுமா என்று. புதுக்கடைக்கு ஒரே பஸ். அவளுக்காகப் பொய் சொல்ல ஒரு ஞாயிறு போகத் தெரிந்த எனக்கு, அவளிடம் கேட்பதற்கு இன்னொரு ஞாயிறு போகத் தோன்றவில்லை. இதில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான்.

அவசரத்தில் எடுக்கும் முடிவு என்று நாம் சொல்வதில் பாதி, அவசரமே இல்லாதது. தொலைபேசியில் ஒருவர் காத்திருக்கிறார் என்பதைத் தவிர அன்று எனக்கு வேறு நெருக்கடி இல்லை. காத்திருக்க விட்டிருக்கலாம்.

அந்த ஆண்டு முடிவில் ஹைக்கூப் பக்கத்துக்கு ஒரு வாசகர் கூட்டம் வைத்தோம். எல்லோரையும் தங்களுக்குப் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தோம். சார்ஜ் ஹைக்கூதான் முதலில் வந்தது. அழைப்பிதழ்களை என் நிரலே பட்டியலிலிருந்து பெயரும் ஊரும் எடுத்து அச்சடித்தது. பக்கத்தில் ஒருமுறையாவது பெயர் வந்த எல்லோருக்கும். வெள்ளமும் பூனையும் எழுதிய ஷைலாவுக்கும் போயிற்று. இதைக் கூட்டத்தன்று அரங்கின் வாசலில் அவர்களைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். மாமியார் மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினார்.

“பிள்ளே, நாங்க வந்துட்டோம்,” என்றார் என்னிடம். “இவளுக்க பேரையும் வாசிப்பியளா?”

“வாசிப்போம்மா.”

வாசித்தோம். எல்லோர் பெயரையும் அகர வரிசையில் வாசித்தோம். பிறகு பரிசு. கொட்டாரத்துக்காரர் மேடை ஏறினார். ஆசிரியர் அவருக்குத் துண்டு போர்த்தி, “ஒரு பெண் மனசை ஆண் இப்படித் தொட முடியுமான்னு எனக்கே ஆச்சரியம்,” என்றார். கைதட்டல். அவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, தாளைப் பார்க்காமல், நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

“வெள்ளிக்கிழமை போன். மாமியார் என்னிடம் கொடுத்தார், சார்ஜ் தீர்ந்த பிறகு.”

அரங்கம் சிரித்தது. நான் பக்கவாட்டில் பரிசுகளோடு நின்றிருந்தேன். அங்கிருந்து மூன்றாவது வரிசை நன்றாகத் தெரியும். ஷைலாவின் மாமியார் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். மருமகளின் தொடையில் தட்டி, “கொள்ளாம்லா, நல்லாருக்கு! ஏட்டி, நம்ம வீட்டுல ஒளிஞ்சிருந்து பாத்த மாதிரியே எழுதியிருக்கான் பாரு,” என்றார். முன்வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களிடமும் அதையே சொன்னார். ஷைலா கைதட்டினாள். எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு தட்டு கூடுதலாக.

உங்களில் ஒருவர் கேட்டீர்கள், இவ்வளவு சிக்கல் உள்ள பக்கத்தைப் பேசாமல் நிறுத்திவிடலாமே என்று. நிறுத்தாதீர்கள். பெயரும் ஊரும் கட்டாயம் என்பதை எடுத்துவிட்டேன். மற்றவைப் பெட்டியை முதலில் திறக்க வேண்டும் என்பது குறிப்பு எண் ஒன்று. ஆனால் வீட்டில் நடந்ததை எழுதுங்கள் என்பதை எடுக்கவில்லை. எழுதச் சொல்லிக் கேளுங்கள். அடுப்படியைப் பற்றியும் மாமியாரைப் பற்றியும் நின்றுபோன பஸ்ஸைப் பற்றியும் அவர்கள் சிரித்துக்கொண்டே எழுதட்டும். சிரிக்கத் தெரிந்தவர்கள் அனுப்பும் மூன்று வரிக்கு நாம் வெறும் தபால்காரர்கள் இல்லை என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும்.

கூட்டம் முடிந்து தேநீர் கொடுத்தார்கள். மாமியார் கொட்டாரத்துக்காரரிடம் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்து ஏதோ சொல்லிச் சிரித்தார். ஷைலா காகிதக் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

“ஷைலா, நான் உங்ககிட்ட கேட்டிருக்கணும்,” என்றேன்.

“அது போட்டு மேடம், விடுங்க,” என்றாள். “இவிய இப்ப வெள்ளிக்கிழமையும் கூப்பிடுதாவ, செவ்வாக்கிழமையும் கூப்பிடுதாவ. மாமியும் முதல்ல என்ட்டதான் தாறாவ.”

மேடைப் பக்கம் திரும்பினாள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

“அவரு ஒரு வார்த்தைய மாத்திச் சொல்லிட்டாரு மேடம். ‘கொடுத்தார்’ இல்ல. ‘நீட்டினார்’.”

“ஆமா,” என்றேன்.

“கொடுத்தாருன்னா எனக்க கைக்கு வந்துட்டுன்னு ஆவும். மாமி நீட்டினதுதான்.” கோப்பையைக் கீழே வைத்தாள். “நான் வாங்கல.”

மாமியார் அங்கிருந்து கூப்பிட்டார். அவள் போய்விட்டாள்.